ஐந்தாவது நட்டு

1997 நவம்பர் 3, திங்கள்

எங்கள் காரைக் கெடுத்தவன் கொட்டாஞ்சேனைக் கராஜ் வேலுசாமி. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

நேற்றுக் கோயிலால் வரும்போது பின்பக்க இடது சில்லில் காற்றுப் போய், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே கார் நின்றுவிட்டது. கொழும்பின் பெருவீதியான காலி வீதிக்கு இருபது கஜம்கூட இல்லை. மாற்றுச் சில்லு இருக்கிறது. காரைத் தூக்கும் ஜக் இருக்கிறது. நாலு நட்டுகள் கழன்றன. ஐந்தாவது கழலவில்லை. எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பில் மூன்று எஞ்சினியர்கள், ஒரு பௌதிக ரியூசன் மாஸ்டர். எல்லாரும் இறங்கி வந்தார்கள். ஒருவர் ஸ்பானரில் ஏறி நின்றார், மற்றவர் ஏறிக் குதித்தார். ஸ்பானர் வழுக்கி மாஸ்டரின் முழங்கால் தோல் போனது. நட்டு அப்படியே.

பொன்னம்பலம் மாமாதான் சொன்னார்: “உந்த வேலுசாமி ஜூனிலை பிரேக் செய்யேக்கை நான் பக்கத்திலை கதிரை போட்டு இருந்து பாத்தனான். அந்தக் கோவத்திலை உவன் இறுக்கி விட்டிருக்கிறான்.”

நம்பினேன். பக்கத்தில் ஒருவர் கதிரை போட்டு ஆணி எண்ணிக்கொண்டிருந்தால் எனக்கும் கோபம் வரும்.

காலையில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் இரண்டு பேருடன் வந்தார். இந்தக் காலத்தில் காலி வீதிப் பக்கம் அசையாமல் நிற்கும் தமிழனின் கார், கார் இல்லை, குண்டு. சீற்றுகளைக் கழற்றிப் பார்த்தார்கள். வீட்டில் யார் யார் என்ற பொலிஸ் பதிவைக் கேட்டார்கள். மாமா, நாகேஸ்வரி மாமி, மூன்றாவதாக நான் - யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். என் பெயரை மட்டும் இரண்டு முறை வாசித்தார். நாளைக்குள் காரை எடுக்க வேண்டுமாம். கீழே பாத்திரக்கடை வைத்திருக்கும் மக்கீன் சிங்களத்தில் நயந்து பேசி, சனி பகல் பன்னிரண்டு மணி வரை தவணை வாங்கினார். அதற்குள் எடுக்காவிட்டால் கார் ஸ்டேசனுக்கு. கூடவே மாமாவும் நானும், வாக்குமூலம் கொடுக்க. அப்படி ஸ்டேசனுக்குப் போன எத்தனை பேர் அன்றே வீட்டுக்குத் திரும்பினார்கள்? எனக்கு ஒருவரைத் தெரியும். ஒரே ஒருவரை.

எங்கள் தொடர்மாடிக்கு முற்றமில்லை; தள்ளி ஒழுங்கைக்குள்ளே விடலாம் என்றால் யார் வாசலில்? ஒருவரும் விடவில்லை. “குறை நினைக்காதேங்கோ, பிள்ளையள் இருக்கிற வீடு.” எல்லா வீட்டிலும்தான் பிள்ளைகள்.

நவம்பர் 4, செவ்வாய்

வேலை முடிந்து புறக்கோட்டையிலிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாமா போகமாட்டார். அவருக்கு மரியாதை குறைந்துவிடும்.

வேலுசாமி ஒரு வான் வண்டிக்குக் கீழே படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களோடுதான் சண்டை பிடித்தேன். வான்காரர் நின்றார், திறீவீலர் ஓட்டும் ஒரு பையன் நின்றான். எனக்குக் கவலையில்லை, சத்தமாகவே சொன்னேன். “உங்கடை கோவத்தை நட்டிலை காட்டினால் நாங்கள் பொலிசுக்குப் போகவேணுமோ?”

வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையைத் துடைத்தார்.

“எந்தச் சில்லு தங்கச்சி?”

“பின் இடது.”

“ஜூன்ல கழட்டி மாட்டினேன். சும்மா கையாலதான் இறுக்கினேன். அதுக்கப்புறம் யாரும் கை வச்சாங்களா?”

“இல்லை.”

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்?

திறீவீலர்ப் பையன் சிரித்தான். “அண்ணே, வெள்ளவத்தைக்கு இனி வேல செய்யாதீங்க. நட்டு இறுகினாலும் நீங்கதான், மழ பேஞ்சாலும் நீங்கதான்.” வான்காரர் சிரிக்கவில்லை. தன் வானின் சில்லுகளைச் சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தார். அதை வேலுசாமியும் பார்த்தார்.

சனி காலை வருவதாகச் சொன்னார். அதற்கு முன் முடியாதாம்: ஒரு நாள் வேலையை விட்டால் அடுத்த நாள் வாடிக்கை வேறு கராஜில் நிற்கும். காஸ் கொண்டு வந்து நட்டை வெட்டலாமே என்றேன். “காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு வெள்ளவத்தைக்கு நான் வந்தா, அப்புறம் உங்க நட்டை யாரு கழட்டுறது? பொலிஸ்லேர்ந்து என்னைக் கழட்டவே ஆள் தேடணும்.”

சரியான பேச்சு. ஆனாலும் கோபம் தணியவில்லை.

நவம்பர் 5, புதன்

பாமன்கடைக் கராஜ்காரரும் வந்து பார்த்தார். காஸ்தான் வேண்டும், ஆனால் பொலிஸ் பார்க்க றோட்டில் வைத்துச் செய்யமாட்டாராம். போய்விட்டார்.

நவம்பர் 6, வியாழன்

மழை. கார் நனைகிறது. மாமா மொட்டை மாடியில் குடையோடு நின்று அதைப் பார்க்கிறார். மழையில் நனைவதற்கு என்ன காவல்?

நவம்பர் 8, சனி

முழுக்க எழுதவேண்டும்.

எட்டு மணிக்கு வருகிறேன் என்றவர் பத்தாகியும் வரவில்லை. மாமா பல்கனியில் நடந்தார். “வரமாட்டான். அவங்கடை புத்தி தெரியாதே.” ‘அவங்கடை’ என்றால் யாருடைய? கேட்டேன். மலையகத்து ஆட்கள் என்று சொல்ல வாய் வருகிறது, என் முன்னால் சொல்லப் பயம். அந்தப் பயம் எனக்குப் பிடிக்கிறது.

பத்தே கால். வேலுசாமி பஸ்ஸால் இறங்கி வந்தார், தோளில் சாக்குப் பை. கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டி, ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து ‘இது எதற்கு’ என்று கேட்டார்களாம். “முப்பத்தெட்டு சாமானுக்கும் பாடம் எடுத்துட்டு வர்றேன் தங்கச்சி. அந்தச் சாவடிப் பையன் இப்ப கராஜே போடலாம்.”

சார்ஜன்ட் பதினொன்றுக்கே வந்து மக்கீனின் கடைப் படியில் இருந்துகொண்டார். மக்கீன் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அவர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

வேலுசாமி ஸ்பானரைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெய் கேட்டார். பழைய துணியை நனைத்து நட்டைத் துடைத்தார், படிந்த கறுப்பு அழுக்குப் போகும்வரை மறுபடி துடைத்தார். நான் மண்ணெண்ணெய்ப் பேணியோடு பக்கத்தில் குந்தியிருந்தேன். ஆகவே நானும் பார்த்தேன். நட்டு மாட்டும் மற்ற நாலு ஆணிகளும் நுனி கூராக, புரி தெளிவாக இருந்தன. இந்த ஐந்தாவதின் நுனி மட்டும் நசுங்கி, நாலாபுறமும் விரிந்து, நட்டின் மேல் கவிந்து படிந்திருந்தது. அது இறுகினது இல்லை. அடித்தது. யாரோ நின்று, நிதானமாக, நட்டுக் கழலாதபடி சுத்தியலால் அடித்திருக்கிறார்கள்.

வேலுசாமி நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா கடற்கரைப் பக்கம் பார்த்தார்.

“என்னவாம்?” என்று சார்ஜன்ட் படியிலிருந்து கேட்டார்.

வேலுசாமி சிங்களத்தில், ஒரு நொடிகூட யோசிக்காமல், சொன்னார்: துரு சேர். கடல் பக்கம் இல்லையா, உப்புக் காற்று. பிறகு எங்களுக்குத் தமிழில் ஒருமுறை: “துரு.”

நான் வாயைத் திறந்தேன். அவர் அரத்தை என் கையில் வைத்து, “பிடிங்க, கீழ போடாதீங்க” என்றார். அரம் அவருக்கு அப்போதே வேண்டியிருந்தது. என் வாயை மூடத்தான் தந்தார் என்று பிறகுதான் விளங்கியது.

அரைமணி நேரம் அராவினார். விரிந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாய் விழுந்தது. புரி தெரிய வந்ததும் மண்ணெண்ணெய் விட்டு, சிறிய சுத்தியலால் நட்டின் ஆறு முகத்திலும் தட்டினார். பலமாக இல்லை, கதவு தட்டுவது போல. எஞ்சினியர் ஒருவர் மேலேயிருந்து “பலமா அடியும்” என்றார். வேலுசாமி நிமிராமல், “நீங்க இறங்கி வாங்க ஐயா, இடம் தாரேன்” என்றார். அவர் இறங்கவில்லை.

பன்னிரண்டுக்குக் கால் மணி. ஸ்பானரை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரளவு திருப்பினார். எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். “எதிர்ப் பக்கம், எதிர்ப் பக்கம்.” அவர் கேட்கவில்லை. ஒட்டிக்கிடக்கிறதை முதலில் அசைக்கவேண்டும், எந்தப் பக்கம் என்பது பிறகு என்று எனக்கு மட்டும் சொன்னார். ஸ்பானர் குட்டையாக இருந்தது. மக்கீன் கடைக்குள் ஓடினார். “பைப் ஒண்டு ஈக்கி, தாரன், தாரன்.” தண்ணீர்க் குழாய்த் துண்டு, ஆள் நீளம். அதை வேலுசாமி ஸ்பானரில் செருகி, குழாயின் நுனியில் கையை வைத்து என்னைக் கூப்பிட்டார். “இங்க பிடிங்க. குதிக்கக் கூடாது. சும்மா சாய்ங்க.”

இரண்டு பேரும் சாய்ந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சாய்ந்தோம். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏதோ முறிந்துவிட்டது என்று நினைத்தேன். குழாய் கீழே போனது, நானும் கூடவே தெருவில் விழுந்தேன். முழங்கை உரசிப் போனது. நட்டுச் சுற்றியது. சனியன் சுற்றியது!

மாற்றுச் சில்லு போட்டு, மாமா ஸ்ரார்ட் செய்து, பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கையில் காரை எடுத்தார். சார்ஜன்ட் எழும்பித் தேத்தண்ணிக் கோப்பையை மக்கீனிடம் கொடுத்துவிட்டுப் போனார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்ததா? எனக்குத் தெரிந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மற்ற மூன்று சில்லிலும் அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒரு நட்டு அடிபட்டிருக்கிறது.

மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. மாமா நட்டில் அடித்தாரா என்று கேட்டேன். “ஓம், ஆவணியிலை. பாமன்கடை டொக்டரின்ரை காரிலை ரெண்டு சில்லுக் களவு போனதெல்லே, அதுக்குப் பிறகு. அரை நாள் டங்கு டங்கெண்டு அடிச்சவர். என்ரை சுத்தியல்தான். பிடியும் உடைஞ்சு போச்சு.”

“ஏன் மாமி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“என்னை ஆர் கேட்டது?”

ஒருவரும் கேட்கவில்லைதான். ஏழு ஆம்பிளைகள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள். ஒருவராவது மாடிக்கு ஏறி வந்து இந்த மனுசியிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நான் கேட்டேனா?

மாமாவிடம் போனேன். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“நான் அடிச்சது கள்ளனுக்கு” என்றார்.

“கள்ளனுக்கு அடிச்சதை ஏன் வேலுசாமியின்ரை தலையிலை போட்டனீங்கள்?”

“அடிச்சது வெளியாலை. இறுகினது உள்ளுக்கை.”

முப்பது வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கோப்பு எழுதியவர். இப்படி ஒரு வசனம் வேறு யாருக்கும் வராது. சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. சிரித்ததற்காக என் மேல்.

நவம்பர் 10, திங்கள்

கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தேன். திறீவீலர்ப் பையன் நின்றான். வான்காரர் இல்லை. அவர் வரும் வரை இருந்தேன், முக்கால் மணி நேரம். அவர் வந்த பிறகு, அன்று கத்திய அதே சத்தத்தில் சொன்னேன்: நட்டை அடித்தது எங்கள் மாமா, வேலுசாமி இல்லை, நான் தெரியாமல் கத்தினேன், பிழை என்னுடையது.

வான்காரர் “சரி சரி” என்று தன் வானைப் பார்த்தார். பையன் மட்டும் “ஐயோ, அப்ப மழைக்கும் அண்ணன் காரணமில்லையா” என்றான்.

சார்ஜன்டிடம் ஏன் துரு என்று சொன்னீர்கள் என்று வேலுசாமியைக் கேட்டேன். எங்கள் மானத்தைக் காப்பாற்றினார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம். “ஐயாதான் அடிச்சாருன்னு சொன்னா, அவன் அடுத்து என்ன கேப்பான்? ஏன் அடிச்சாரு, சில்லுக்குள்ள என்ன வச்சிருக்காருன்னு கேப்பான். உங்களோட சேத்து என்னையும் கேப்பான். எனக்கு வீட்டுல மூணு பிள்ளைங்க.” மற்ற மூன்று சில்லிலும் அடி இருக்கிறது என்றேன். “அந்த மூணையும் எப்பக் கொண்டு வர்றீங்க? அடுத்த வாட்டி பஸ்ல சாமான் தூக்கிட்டு வரமாட்டேன்.”

பஸ்ஸில் இடம் கிடைத்தது. வெள்ளவத்தை வரை ஜன்னல் ஓரம். நெடுநாளைக்குப் பிறகு நல்ல பசி.

நவம்பர் 12, புதன்

காரைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோக மாமாவுக்குச் சம்மதம். தானே ஓட்டுவாராம். மாமிக்குச் சுத்தியலுக்குப் புதுப் பிடி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்று சில்லும் முடிந்தது. ஒன்றும் முறியவில்லை. இரண்டாவது நட்டை நானே அராவிக் கழற்றினேன், வேலுசாமி பார்த்து நின்று “மெதுவா” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. கையெல்லாம் கறுப்பு. திறீவீலர்ப் பையன் எனக்கு வேலை தருவதாகச் சொன்னான்.

மாமா இன்றைக்குக் கதிரை கேட்கவில்லை. வாசலில் நின்றார், வெயிலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வான்காரர் வந்து போனார். வேறு இரண்டு வாடிக்கைக்காரர்கள் வந்து போனார்கள். ஒவ்வொரு முறையும் நான் மாமாவைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் தெருவைப் பார்த்தார்.

கடைசிச் சில்லும் மாட்டியானது. வேலுசாமி கை கழுவப் பின்பக்கம் போனார், திரும்பி வந்தார், சாவியை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கினார். இனிக் காரில் ஏறுவது மட்டும்தான் மிச்சம்.

“மாமா, ஏறுறதுக்கு முதல் சொல்லுங்கோ. ‘நான்தான் அடிச்சனான்.’ ரெண்டு சொல்லு.”

மாமா சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலுசாமி “விடுங்க தங்கச்சி” என்றார். நான் விடவில்லை. கார்க் கதவில் கையை வைத்து நின்றேன்.

“மாமா, உங்களைத்தான் கேக்கிறன். அவர் உங்களுக்கு முன்னாலைதான் நிக்கிறார். சொல்லுங்கோ.”