பற்றுச்சீட்டைக் கேட்க எனக்கு இருந்த வெட்கம்

பலெர்மோ
ஆனி 14

என் அன்பு மகள் றம்யாவுக்கு,

ஆண்டவரின் துணையால் நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், அம்மாவின் முழங்கால் நோவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. காத்மண்டுவில் நீயும் சுகமாக இருந்து இதை ஆறுதலாக வாசிக்க வேண்டும். அப்பா ஏன் போனில் கதைக்காமல் கடதாசியில் எழுதுகிறார் என்று பயப்படாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போனில் என்றால் நான் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன், இல்லாவிட்டால் அம்மா பறித்துக் கதைப்பா. நேற்று குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் எங்கள் இரண்டு பேருக்கும் புதுப் பெர்மெசோ கார்டு தந்துவிட்டார்கள். வெளியே வந்ததும் அம்மா பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதுவிட்டா. விசா புதுப்பித்ததற்கு ஏன் அழுகை என்று நீ கேட்பாய். ஐந்து மாதமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் இருக்கிறது, அம்மாவையும் நான்தான் சொல்லவிடவில்லை. இன்று சொல்கிறேன்.

நத்தார் முடிந்த கிழமை நீ அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினாயே, சின்னச் சின்னத் தொழில் செய்கிற நேபாளப் பெண்களுக்கு நீ வரியும் கடை நடத்துகிற முறையும் படிப்பிக்கிற வகுப்பு. நீ அந்த வேலைக்குப் போனபோது நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இத்தாலியில் படித்த பிள்ளை ஊறுகாய் போடுகிற பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவா அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று மனதுக்குள் ஒரு குறை. நீ நேபாளியில் கதைத்தாலும் அம்மாவுக்காகக் கீழே தமிழில் எழுதியிருந்ததால் நானும் பின்னால் நின்று பார்த்தேன். வரி இலக்கம் எடுங்கள், விற்றதற்கெல்லாம் பில் கொடுங்கள், கடைக் காசையும் வீட்டுக் காசையும் கலக்காதீர்கள், இலாபம் வராத வருடத்திலும் கணக்குக் காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனாய். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே என்று திரும்பப் போனபோது, கம்பளிப் பை தைக்கிற ஒரு பெண் எழும்பி, என் கணக்கைப் பார்ப்பது புருசனின் தம்பி, அவரிடம் போய் அத்தாட்சி கேட்டால் மனம் நோகுமே என்றாள். நீ அவளுக்குச் சொன்ன பதில் இன்னும் எனக்குப் பாடம். "பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். கேட்டால் சந்தேகப்படுகிறீர்கள் என்று அர்த்தம் இல்லை. பற்றுச்சீட்டு கையில் வரும்வரை கணக்குக் கொடுத்தாயிற்று என்று நினைக்காதீர்கள்."

பதினொரு வருடமாக எங்கள் கடைக் கணக்கை வரிக் கந்தோருக்குக் கொடுப்பது றமேஸ், நீ சின்ன வயதில் தோளில் ஏறி விளையாடிய அதே றமேஸ் மாமா. ஒரு நாளும் நான் அவனிடம் பற்றுச்சீட்டுக் கேட்டதில்லை, கேட்க வெட்கம். சியாகுல்லித் தோட்டங்களில் கடைக்கு மண்டரின் பழம் ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் அவன் வீட்டில் இறங்கிக் கேட்டேன். பிறகு தருகிறேன் என்றான். அடுத்த முறை கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை என்றான். மூன்றாம் முறை படியிலேயே இருந்துவிட்டான். "அண்ணை, போன வருசம் நான் ஒண்டும் போடேல்லை. உங்கட மட்டுமில்லை, நாலு பேரின்ர கிடக்குது. மனிசியோட ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதில விட்டிட்டன், பிறகு சொல்லப் பயந்திட்டன்" என்றான்.

அன்று தை பத்தொன்பது. ஐப்பசி முடிய முன்னர் கொடுத்திருக்க வேண்டிய கணக்கு. தண்டத்தோடு தொண்ணூறு நாள் தவணை இருக்கிறது, அதுவும் இருபத்தொன்பதாம் திகதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு கொடுத்தாலும் கொடுக்காத கணக்குத்தான். அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் பெர்மெசோ புதுப்பிக்கப் போகிறபோது எதைக் காட்டுவது. றமேசை அடிக்கக் கை எழும்பியது என்பதை உனக்கு மறைக்க மாட்டேன். ஆனால் உள்ளே அவன் மனைவி கட்டிலில் கிடந்து இருமிக்கொண்டிருந்தா, நான் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "இனி ஏன் ஏசிக்கொண்டு, விடிய பகேரியாவுக்குப் போவம்" என்றா. அம்மா முன்னர் வேலை செய்த வீட்டின் மகள் ஜூலியா அங்கே கணக்காளராக இருக்கிறா. முதல் ரயிலில் போனோம். கடையில் விற்றது எல்லாம் மெசின் வழியாகப் பதிந்திருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை, வாங்கியதற்கும் செலவுக்கும் துண்டு எங்கே என்று கேட்டா. என் துண்டுகள் ஜக்கெற் பையிலும் தராசு லாச்சியிலும் கிடந்தன, சிலதின் பின்பக்கம் அம்மா சாமான் கணக்கு எழுதியிருந்தா. வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டபோது, அதை ஒரு நாளும் எழுதி வைக்கவில்லை என்றேன். நான்கு நாள் கடையைப் பாதி பூட்டிவிட்டு நானும் அம்மாவும் அரிசி மூட்டைக்கு மேல் துண்டுகளைப் பரப்பி மாதம் மாதமாகப் பிரித்தோம்.

மற்ற மூன்று பேரையும் விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டு பேர் எங்கள் ஆட்கள், மற்றது வியா மக்வேதா தெருவுக்குப் பின்சந்தில் மொமோ கடை போட்டிருக்கிற நேபாளத் தம்பதி. அவர்களுக்கு விளங்கப்படுத்த என் இத்தாலியன் காணாது, அதனால் உன் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் சரிதா முழுவதையும் பார்த்து முடித்து, இது யார் என்று கேட்டா. என் மகள் என்றேன். எங்கள் மொழியை இவ்வளவு வடிவாகக் கதைக்கிறாவே என்று சொல்லிவிட்டு, உடனேயே தன் துண்டுகளைத் தேடத் தொடங்கினா. றமேசும் தலையைக் குனிந்தபடி மிச்சப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு எங்களோடு பகேரியாவுக்கு வந்தான். இருபத்தேழாம் திகதி பின்னேரம் ஜூலியா நாலு பேரின் கணக்கையும் அனுப்பினா. அடுத்த நாள் பற்றுச்சீட்டு வந்தது. ஜூலியா எனக்கு இரண்டு பிரதி எடுத்துத் தந்து, ஒன்று கடைக்கு, மற்றது நீங்கள் நித்திரை கொள்ள என்று சிரித்தா. தண்டம் கட்டினோம், கட்டியது நெஞ்சில் இருந்து கல்லை இறக்கியது மாதிரித்தான் இருந்தது. இப்போது கடைக்குத் தனி வங்கிக் கணக்கு. கறித்தூள் எடுத்தாலும் அம்மா கொப்பியில் எழுதுகிறா, என்னை அந்தக் கொப்பியைத் தொடவே விடுவதில்லை.

முன்னமே சொல்லியிருந்தால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய், அதுவும் ஒரு பயம். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை மகள். நீ படிப்பிப்பதை இளக்காரமாக நினைத்தவன் உன்னிடமே பாடம் கேட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. அப்பாவை மன்னித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, கொதித்தாறிய தண்ணீரையே குடி. மடு மாதா உன்னையும் உன்னிடம் படிக்கிற அந்தப் பெண்களையும் கைவிடாமல் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஐப்பசியில் அங்கே எவ்வளவு குளிர் என்று எழுது, கார்டு கையில் இருக்கிறபடியால் நானும் அம்மாவும் வரப் பார்க்கிறோம். உன் வகுப்பில் ஒரு நாள் பின்வரிசை வாங்கில் இருக்க வேண்டும். யார் இவர் என்று கேட்டால் அப்பா என்று மட்டும் சொல்லாதே, பலெர்மோவில் கடை வைத்திருக்கிறவர், படிக்க வந்திருக்கிறார் என்று சொல்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
ம. ஏர்னஸ்ற்