பழைய பாஸ்வேர்டை அழித்தவளுக்கு

இன்று காலை ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும், பொதுப் போல்டருக்குள் போக அனுமதி இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. நேற்று சாயங்காலம்வரை திறந்த போல்டர்தான். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. படியேறி வருகிற ஆட்களின் ஈரக் குடைகள் வாசலில் சாய்ந்து கிடந்தன. அந்தப் பெட்டியைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோளாறு என்ன என்று எனக்குத் தெரியும். சரி செய்யத்தான் கை வரவில்லை. நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

நம் டிராவல்ஸில் அப்போதும் மூன்று கம்ப்யூட்டர்கள்தான். வெளியே உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவது முதலாளியின் கண்ணாடி அறைக்குள். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தம் எல்லாம் அந்த மூன்றாவதில் இருக்கும். நாம் நம் இடத்தில் இருந்தபடியே பொதுப் போல்டர் வழியாக அவற்றை எடுத்துக்கொள்வோம்.

அன்றைக்கும் இதே போலச் சாரல் காலம். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் கொழுந்தனும் வந்தார்கள். அவள் புருஷனை நாம்தான் டிரைவர் வேலைக்கு அனுப்பியிருந்தோம். அவன் முந்தின நாள் அங்கே நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்தான். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் மனைவியின் சம்மதக் கடிதமும் அவன் பாஸ்போர்ட் நகலும் வேலை ஒப்பந்தமும் உடனே வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். மதியத்தோடு அங்கே ஆபீஸை மூடிவிடுவார்கள், பிறகு வார விடுமுறை. கடிதத்தை நீ டைப் செய்து கையெழுத்து வாங்கிவிட்டாய். மற்ற இரண்டும் போல்டரில் இருந்தன. போல்டர் திறக்கவில்லை.

முதலாளி காலை ரயிலில் கொல்லத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அறை பூட்டியிருந்தது. செங்கோட்டை தாண்டி மலைக்குள் ரயில் ஏறியபின் அவர் போனுக்குச் சிக்னல் இல்லை. நான் பதறிப்போனேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், மறுபடியும் அணைத்துப் போட்டேன். கடைசியில் அறைப் பூட்டை உடைத்துவிடலாமா என்றுகூடக் கேட்டேன்.

நீ பதறவில்லை. உன் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தாய். அதிலும் அதே பெட்டி.

"வயர்ல ஒண்ணும் இல்லட்டி. அவரு கம்ப்யூட்டர் தெரியுது, போல்டர் பேரும் தெரியுது. உள்ளதான் விட மாட்டுக்கு. பாஸ்வேர்ட மாத்திருக்காரு. பூட்ட ஒடச்சா மட்டும் என்ன, அங்கனயும் அதத்தான் கேக்கும்."

அவர் ரயில் மலையைவிட்டு இறங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர்களிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னாய். கொழுந்தன் எழுந்து நடந்தான். இத்தனை பாடு எதற்கு, அங்கேயே அடக்கம் பண்ணச் சொல்லிவிடலாம், எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம் என்றான். கெட்ட மனிதன் இல்லை. அண்ணனை இழந்து தூங்காமல் வந்திருந்தான். நானும் உள்ளுக்குள், அதுவும் சரிதான் என்று நினைத்தேன். அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீ நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாய்.

"அவுக சொல்லுதது இருக்கட்டும்மா. ஒங்களுக்கு என்ன வேணும்?"

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீ கையை லேசாக உயர்த்தி அவனை நிறுத்தினாய். அப்படியே காத்திருந்தாய். பிறகு அவள் சொன்னாள்.

"பிள்ளைக அவுக அப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணும்."

சரி என்று மட்டும் சொன்னாய். கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அதற்குப் பிறகு அடக்கத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை.

புனலூர் பக்கம் போனதும் முதலாளி போனை எடுத்தார். உறவுக்காரப் பையன்கள் கம்ப்யூட்டரை நோண்டுகிறார்கள் என்று முந்தின நாள்தான் பாஸ்வேர்டை மாற்றினாராம். புதியதைச் சொன்னார். நான் மறுபடி போல்டரைத் திறந்து பார்த்தேன். அதை அடிக்க இடமே காட்டாமல் அதே பெட்டி வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ கண்ட்ரோல் பேனலுக்குள் போய், கம்ப்யூட்டர் சேர்த்துவைத்திருந்த பாஸ்வேர்டுகளைத் தேடிப்பிடித்து, அந்தப் பழையதை அழித்தாய்.

"பழசு இதுக்கு நெனப்புல இருக்குல்லா, அதையே கொண்டுபோய்க் குடுக்கு. மறந்தாத்தான் நம்மட்ட புதுசா கேக்கும்."

அணைத்துப் போட்டோம். கேட்டது. அடித்தாய். திறந்தது. நகல்களை நீ அனுப்பி, வந்து சேர்ந்தது என்று அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தாய்.

உடல் திருவனந்தபுரத்தில் இறங்கி ஆம்புலன்ஸில் வந்தது. நீ சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய்விட்டு வந்தாய். பிள்ளைகள் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தார்கள் என்றாய், சின்னது அப்பா தூங்குகிறார் என்றதாம். பிறகு உன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

போன வருஷம் உன்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தபோது நான் வந்தேன். உன் கட்டிலின் கால்மாட்டில் உன் வீட்டுக்காரரும் அண்ணன்மாரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோகலாமா, சென்னைக்கா, இன்னொரு தடவை மருந்து ஏற்றலாமா என்று. உன் வீட்டுக்காரர், வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு விமானத்தில் ஓடிவந்த மனுஷர், பாவம், ஏதாவது செய்துகொண்டே இருந்தால் உன்னைப் போகவிடாமல் நிறுத்திவிடலாம் என்று நம்பினார். மருந்தால் இனி வலியைத்தான் குறைக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தாய்.

அவர்கள் நடுவே புகுந்து பேச எனக்கு என்ன உரிமை என்று தயங்கினேன். ஆனாலும் உன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு என்னட்டி வேணும்? நீ சொல்லு."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். எங்கிருந்து இதைக் கற்றேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது.

"வீட்டுக்குப் போணும். சாரல் வந்துட்டுல்லா."

உன் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். குற்றாலத்து மலை தெரிகிற ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டார்கள். மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாய். சீசன் முடியும் முன்னே போய்விட்டாய். அங்கே ஆஸ்பத்திரியில் போகவில்லை, உன் வீட்டில் போனாய். அந்த ஒன்று போதும் என்று உன் வீட்டுக்காரர் இன்றும் என்னிடம் சொல்லுகிறார். எனக்குப் போதவில்லை. ஆனால் நீ கேட்டது அதுதான்.

இன்று அந்தப் போல்டரை, நீ செய்த மாதிரியே பழைய பாஸ்வேர்டை அழித்துத் திறந்துவிட்டேன். மதியம் ஒரு குடும்பம் வந்தது. மகளை வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்கு அனுப்ப வேண்டுமாம். அப்பா பேசினார், மாமா பேசினார், சம்பளத்தைக் கேட்டார்கள், விமானத்தைக் கேட்டார்கள். அந்தப் பெண் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டேன்.

அப்பா பதில் சொல்ல வந்தார். நான் கையை லேசாக உயர்த்திவிட்டு, காத்திருந்தேன்.