என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை

என் செல்லத்துக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கிற வாலும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். நீ நல்ல சேதி சொன்ன அன்று, முட்டி வலி, பிரசவத்துக்கு வர முடியாது என்றேன். நீயும் சரிம்மா என்று பட்டென்று போனை வைத்துவிட்டாய். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. முட்டிக்கு ஒரு கேடும் இல்லையடி. தும்மினால், சிரித்தால், கனமாக எதையாவது தூக்கினால் எனக்குச் சொட்டுச் சொட்டாக மூத்திரம் போய்விடும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் எப்படி உட்காருவது, மாப்பிள்ளை எதிரில் தும்மல் வந்தால் எங்கே ஓடுவது என்று ஒரே பயம். பெரிய புத்திசாலி மாதிரி தண்ணீரைக் குறைத்தேன், நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்ததுதான் மிச்சம். டாக்டரம்மா டெஸ்ட் எடுத்து, கிருமி இருக்கிறது என்று மாத்திரை கொடுத்து, தண்ணீர் ஏன் குடிக்கலை என்று அதட்டினார். அப்பாவை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு இது இருக்கும்மா, வெட்கப்பட்டு யாரும் வாயைத் திறக்கறதில்லை என்றார். மூத்திரத்தை நிறுத்த எந்தச் சதையை இறுக்குவோமோ அதை இறுக்கிப் பிடித்து மெல்ல விட வேண்டுமாம், தினமும், மாதக்கணக்கில். வெளியே வந்ததும் அப்பா, நான் ஜோக் சொல்லும்போதெல்லாம் நீ எழுந்து ஓடினியே, என் ஜோக்குதான் பிடிக்கலைன்னு நினைச்சேன் என்றார். பாவம்! இப்போது ஜோக் சொல்லியே உயிரை வாங்குகிறார்.

கடையில் திரைச்சீலை தைத்துக்கொண்டே பயிற்சி செய்வேன். முகம் இறுகிக் கிடப்பதைப் பார்த்து, பக்கத்து மெஷின் வாயாடி, அண்ணன்கூடச் சண்டையாக்கா என்று துளைத்தெடுத்தாள். விஷயத்தைச் சொன்னால், அட, எனக்கும்தான்க்கா என்கிறாள்! மெல்ல மெல்லக் கடையே சேர்ந்துகொண்டது. போன வாரம் எல்லோருமாக மெஷினை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு திசை பார்த்தபடி இறுக்கிக்கொண்டிருந்தோம். சத்தம் நின்றதும் முதலாளி, ஸ்டிரைக் என்றே நினைத்து அலறியடித்து ஓடி வந்தார். என்ன வேணும், எதுவானாலும் பேசித் தீர்த்துக்கலாம் என்றார். நம் வாயாடி சும்மா இருப்பாளா? கக்கூசுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடுங்க முதலாளி, போதும் என்றாள். மறுநாளே போட்டுவிட்டார். முதலாளி ஓடி வந்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகுதான் உறைத்தது, ஒரு சொட்டுகூட இல்லையடி! சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

நீயும் உன் டாக்டரைக் கேட்டு இந்தப் பயிற்சியை இப்போதே ஆரம்பி. மீட்டிங் மீட்டிங் என்று அடக்கி வைக்காதே, தண்ணீர் குடி, லேசாக எரிந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டு, பிள்ளைத்தாச்சிக்கு அது விளையாட்டில்லை. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து நூறு வயது வாழ வேண்டும். மாப்பிள்ளையை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்ல மறக்காதே, அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்குகிறேன். எழுந்து போக வசதியாக நடைவழிப் பக்கம் சீட்டா அம்மா என்று டிக்கெட் கொடுப்பவர் கேட்டார். வேண்டாம் தம்பி, ஜன்னல் பக்கமே கொடுங்க என்று சொல்லி வாங்கியிருக்கிறேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா