வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர்

பிப்ரவரி 4

என் தலையில் கட்டிவிட்டார்கள். மாவட்டக் கையேடு எழுத வேண்டுமாம். புவியியல், வரலாறு, மக்கள்தொகை. "மூணே அத்தியாயம்தான் டீச்சர், உங்களுக்கு ஊதித் தள்ற வேலை." சொன்னவர் மாவட்ட அலுவலகத்துப் பெரிய அதிகாரி. பேசியதில் பாதி அட்டைப்படத்தைப் பற்றி. இன்று முதல் இந்த நோட்டில் அவருக்கு அட்டைப்படம் என்றே பெயர்.

பிப்ரவரி 11

வரலாறு. ராஜா யாராவது உண்டா, போர் ஏதாவது நடந்ததா என்று கேட்கிறார் அட்டைப்படம். இந்த மலைக்கு எந்த ராஜா மூச்சு வாங்க ஏறி வருவான்? இங்கே நடந்தது மூன்று நிலச்சரிவு, ஒரு சுரங்கம் திறந்து மூடியது, ஆற்றுக்கு ஒரு பாலம் வந்தது. வருஷம் கேட்டால் பெரியவர்கள் "பெரிய சரிவுக்கு முந்தி" என்கிறார்கள், "சின்ன சரிவுக்கு அப்புறம்" என்கிறார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் வீரமா எழுதக்கூடாதா டீச்சர்?" வீடு சரிந்தவர்கள் திரும்ப அதே மேட்டில் வீடு கட்டினார்களே, அதெல்லாம் வீரத்தில் சேராதாம். எரிச்சலாக வருகிறது.

பிப்ரவரி 19

மக்கள்தொகை அடர்த்தி: சதுர கிலோமீட்டருக்குப் பதினொரு பேர். இந்த மலைகளை இஸ்திரி போட்டு விரித்தால் நம் மாவட்டம் ஒரு நாடு ஆகிவிடும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தபால் வேன் ஓட்டுகிறவர் அவர். "மொதல்ல என் யூனிஃபார்ம இஸ்திரி போடு" என்றார். கையில்லையா அவருக்கு?

மார்ச் 2

ஒரு பக்கம் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டு, இன்னொரு பக்கம் கையேட்டின் கடைசி அட்டவணை. சம உயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் என்ன பொருள்? "மலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன" என்று எழுதியிருக்கிறது ஒரு பிள்ளை. செங்குத்து, செங்குத்து என்று வருஷம் முழுக்கக் கத்தினேனே! வரைபடத்தைப் பார்த்தவுடன் மலையைத் தட்டையாக நினைத்துக்கொள்கிறார்கள். முட்டை போட்டேன்.

அட்டவணை நாளைக்கே வேண்டுமாம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் இங்கே டவுன் ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர். அறுபது ஊர்! ஸ்கேலை எடுத்து வரைபடத்தில் வைத்து மளமளவென்று எழுதி முடித்தேன். விட்டது தொல்லை.

ஏப்ரல் 14

அச்சாகி வந்துவிட்டது. ஐந்நூறு பிரதி. அட்டையில் அதிகாரி சிரிக்கிறார். நம் சிகரம் அவர் காதுக்குப் பின்னால் ஒரு ஓரமாக எட்டிப் பார்க்கிறது. என் பெயர் உள்ளே, எறும்பு அளவில்.

ஏப்ரல் 27

அக்கா போன் செய்தாள். எதிர்மலை ஊரில் சுகாதார நிலையத்து நர்ஸ் அவள். என் வகுப்பறை ஜன்னலில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அவளுடைய நிலையத்துத் தகரக் கூரை மின்னுவது தெரியும். அப்படியொரு கோபத்தில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நிலையத்த மூடுறாங்கடி! அடுத்த மாசக் கடைசியோட சரியாம். அஞ்சு கிலோமீட்டருக்குள்ள ஆஸ்பத்திரி இருந்தா தனியா நிலையம் தேவையில்லையாம். எவனோ ஒரு மேதாவி புத்தகத்துல மூணு கிலோமீட்டர்னு போட்டு வச்சிருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், ஊசிய எங்க போடணும்னு எனக்குத் தெரியும்!"

ம்ம் என்றேன். அவளிடம் இப்போது இரண்டு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். ஒருத்திக்குத் தலைப்பிரசவம், ரத்த அழுத்தம் வேறு.

எவனோ இல்லை. எவளோ. ஐயோ, நான்தானே?

ஏப்ரல் 28

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ, ஸ்கேல வச்சா மலைய அளந்த?" கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். அழுகை வந்துவிட்டது.

பிறகு அக்காவுக்குப் போன் செய்து, மேதாவி யார் என்று சொன்னேன்.

"ஏன்டி, நீ இங்க நடந்தே வந்திருக்கியேடி. பாலத்துக்கிட்ட உக்காந்து ஓன்னு அழுதியே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அறுபது பெயரையும் வரிசையாக முடித்துக்கொண்டே வந்தபோது அது அக்கா ஊர் என்றே எனக்கு உறைக்கவில்லை. இதை எப்படிச் சொல்ல? சொல்லிவிட்டேன்.

"சின்ன வயசுலயே மிட்டாய ஸ்கேல் வச்சு அளந்து பங்கு போட்டவதான நீ" என்றாள். "அழாத. போய் அந்த ஆளப் பாரு."

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு முட்டை போட்ட கை இது.

மே 2

அட்டைப்படத்தைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"அச்சாயிடுச்சே டீச்சர். மேப்ல மூணுதானே?"

"மேப்ல மூணுதான் சார். நடுவுல பள்ளத்தாக்கு இருக்கு. இறங்கி, ஆத்தத் தாண்டி, திரும்ப ஏறணும். பகல் முழுக்க ஆகும்."

"பள்ளத்தாக்கையெல்லாம் தூரத்துல சேர்க்க முடியாதும்மா."

என் தப்புதான் சார், நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியும் பார்த்தேன். அவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். நான் சரியாகத்தான் அளந்திருக்கிறேனாம், என்னை நானே குறைத்து மதிப்பிடக் கூடாதாம். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மே 3

வகுப்பில் எல்லாரையும் காரணமில்லாமல் திட்டினேன். ஜன்னல் பக்கமே போகவில்லை.

மே 9

இன்று அவரே கூப்பிட்டு அனுப்பினார். புத்தக வெளியீட்டு மேடைக்குப் பின்னால் பெரிய படம் ஒன்று வைக்க வேண்டுமாம். சிகரம் முழுசாகத் தெரிய, முன்னால் அவர் நிற்க. எங்கிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும்?

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "எதிர்மலை ஊர் சார். சுகாதார நிலையத்து வாசல்ல நின்னா சிகரம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கும்."

"ரொம்ப தூரமோ?"

"உங்க புத்தகத்துலயே இருக்கே சார். மூணு கிலோமீட்டர்."

"அட, காலாற நடந்துட்டு வந்துடலாமே!"

வெளியே வந்து சிரித்தேன். பிறகு பயமாக இருந்தது. வழியில் அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மே 12

அக்காவின் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் இரண்டும் என்னுடையவை இல்லை.

விடிந்ததும் கிளம்பினோம். நான், அட்டைப்படம், கேமராவோடு ஒரு போட்டோகிராபர். அதிகாரி பளபளக்கும் தோல் ஷூவில் வந்தார். இறங்கும்போது பாட்டு முணுமுணுத்தார். ஆற்றுக்கு வந்து சேர்வதற்குள் பாட்டு நின்றது, தண்ணீரும் தீர்ந்தது. பாலத்தில் நடுப்பலகை ஒன்று ஆடியது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அழுத அதே பாறையில்தான் அவரும் உட்கார்ந்தார்.

"இன்னும் எவ்வளவு டீச்சர்?"

"புத்தகப்படி நாம எப்பவோ போய்ச் சேர்ந்துட்டோம் சார்."

முறைத்தார். முறைக்கட்டும். ஏறும்போது அவருக்குக் கால் பிசகியது. கடைசி ஏற்றத்தில் போட்டோகிராபர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கி இழுத்துக்கொண்டு வந்தோம். வந்து சேரும்போது வெயில் போய்விட்டது. சிகரத்தை மேகம் மூடியிருந்தது, ஒரு படமும் எடுக்க முடியவில்லை.

உள்ளே ஒரே கட்டில். அதில் தலைப்பிரசவக்காரி படுத்திருந்தாள். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். அக்கா அவளை அதட்டிப் படுக்கவைத்துவிட்டு, அதிகாரியைத் தரையில் பாயில் உட்காரச் சொன்னாள். கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "இந்தக் கட்டிலத்தான் சார், மாசக் கடைசியில எடுத்துட்டு வரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. யார் தலையில வச்சுத் தூக்கிட்டு வரட்டும்?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கதவுக்கு வெளியே, எதிரே எங்கள் டவுன் விளக்குகள் பக்கத்தில் இருக்கிற மாதிரியே தெரிந்தன.

"இந்தம்மா எப்படி நடந்து வரும்?" என்றார்.

அதைத்தானே சார் சொன்னேன், சொன்னேன் என்று கத்தத் தோன்றியது. அக்கா கண்ணால் அடக்கினாள்.

மே 24

நிலையம் இருக்கும். உத்தரவு வந்துவிட்டது. கூடவே எனக்கும் ஒன்று: எல்லாப் பிரதியிலும் திருத்தத் துண்டு ஒட்ட வேண்டும். "தொகுப்பாசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை" என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார் அட்டைப்படம். இந்த முறை என் பெயர் நல்ல பெரிய எழுத்தில். இருக்கட்டும், நியாயம்தான். துண்டில் போடுவதற்கு அறுபது ஊர்க்காரர்களிடமும் நடக்கும் நேரத்தை முன்பே கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

ஜூன் 6

கூடத்தில் நடக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் புத்தகம். வீட்டுக்காரர் பசை தடவ, நான் ஒட்ட, மருந்து வாங்க இறங்கி வந்த அக்கா என் கையிலிருந்து பிடுங்கி, "தள்ளுடி, கோணலா ஒட்டுற" என்றாள். தலைப்பிரசவக்காரிக்குப் பெண் குழந்தையாம், இரண்டு பேரும் சுகமாம். அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

கிளம்பும்போது ஒரு புத்தகம் கேட்டாள். ஒட்டியதைக் கொடுத்தேன். வேண்டாமாம், ஒட்டாதது வேண்டுமாம்.

"தப்பா இருக்கிறது எதுக்குக்கா உனக்கு?"

பையில் மருந்துக்கு நடுவே அதைச் செருகிக்கொண்டாள். "இவர் மாறி அடுத்த அதிகாரி வருவார் இல்ல? வாங்க சார், மூணு கிலோமீட்டர்தான்னு கூட்டிட்டுப் போக வேண்டாமா?"