நீல வளையம் போட்ட பறவை

அன்புக்கும் திட்டுக்கும் உரிய என் தம்பி சரவணா,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. முதலில் வேனைப் பற்றித்தான் கேட்பாய். நன்றாக இருக்கிறது, பின் கதவு மட்டும் இன்னும் உதைத்தால்தான் மூடுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் உன் கேமராவும். ஆமாம், இப்போது நான்தான் படம் எடுக்கிறேன். சிரிக்காதே. போன வாரம் ஒரு தேன்சிட்டு மாட்டியது, வால் மட்டும் தெளிவாக விழுந்தது.

இந்தக் கடிதத்தை நம் ஈப்போ பறவைப் படக் குழுவிலும் போடப் போகிறேன். வாட்ஸ்அப்பில் இருக்கிற அத்தனை பேரும் படிப்பார்கள். உனக்குக் கோபம் வரும், வரட்டும். நானும் உன்மேல் மூன்று நாள் கோபமாகத்தான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். சிம்பாங் பூலாய் பக்கம், நாம் பிறந்த எஸ்டேட். இப்போது முழுக்கச் செம்பனைத் தோட்டம். பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் மட்டும் ஏழெட்டு ரப்பர் பால் மரங்களை ஏனோ வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே வேனை நிறுத்தி, சன்னலில் கைலியைத் தொங்கவிட்டு, நீயே தைத்த அரிசிப் பைமேல் லென்ஸைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தோம். மனிதனைக் கண்டால் பறக்கிற பறவை வேனைக் கண்டு பறக்காது என்பது உன் கண்டுபிடிப்பு.

அப்போதுதான் அது வந்தது. தலையும் கொண்டையும் இரத்தச் சிவப்பு, முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. "கார்டினல் அக்கா! தென் அமெரிக்காப் பறவை, இங்க எப்படி வந்துச்சு?" என்று நீ கிசுகிசுத்தாய். அது பறந்து போன பிறகு கேமராத் திரையை என்னிடம் காட்டினாய். நான் கண்ணாடியை வீட்டில் மறந்திருந்தேன், சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. "நாம பொறந்த எடத்துல, நமக்குன்னு வந்த பறவைடா இது!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நீ படத்தைக் குழுவில் போட்டாய். அரைமணி நேரத்தில் ஒருவர் எழுதினார்: "கடையில வாங்கி, கால்ல கட்டி எடுத்த படமா லா?" நம் குழுவின் சட்டம் எல்லாருக்கும் தெரியும். கூண்டுப் பறவை கூடாது, கட்டிவைத்து எடுக்கக் கூடாது, படத்தில் எதையும் அழிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கேமராவில் விழுந்த ஒரிஜினலைக் கொடுக்க வேண்டும். குழுவை நடத்துகிற ஹமீது அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டார். நீயோ, "என் வார்த்தை போதும்" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே வெளியேறினாய். நாலே மாதத்தில் நெஞ்சுவலி வந்து எங்களையும் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

உன் சாவுக்கு ஹமீது அண்ணன் வந்தார். உணவகத்தை மூடிவிட்டு, பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணீரோடு வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "என் தம்பி பொய் சொல்ல மாட்டான்," என்று மட்டும் சொன்னேன். அத்தனை பேர் நடுவில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்கை ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

போன மாதம் குழு ஒரு படக் கண்காட்சி அறிவித்தது. நான் நேரே அவர் கடைக்குப் போய், உன் கார்டினல் படம் சுவரில் மாட்டப்பட வேண்டும் என்றேன். "ஒரிஜினல் இருந்தா கொண்டாங்க தங்கச்சி. நானே ஆணி அடிக்கிறேன்," என்றார். வீட்டை இரண்டு தடவை தலைகீழாகப் புரட்டினேன். கிடைக்கவில்லை.

கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? உனக்குத் தெரியாமல் இருக்குமா! அரிசிப் பையில் வண்டு வந்துவிட்டது. அரிசியை மாற்றலாம் என்று தையலைப் பிரித்தேன். அரிசியோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை விழுந்தது, உள்ளே மெமரி கார்டு. அவ்வளவு நாளும் அதன்மேல்தான் லென்ஸை வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணினியில் போட்டு, இந்த முறை கண்ணாடியையும் போட்டுக்கொண்டு பார்த்தேன். இடது காலில் நீல வளையம். கூண்டுப் பறவைக்குப் போடுகிற வளையம். எல்லாப் படத்திலும் இருக்கிறது, நீ குழுவில் போட்ட படத்தில் மட்டும் இல்லை.

உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது. யாருக்காக நான் அத்தனை பேரோடும் சண்டை போட்டேன்? கார்டைக் கிந்தா ஆற்றில் வீசிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வீசியிருந்தால் நீ எனக்கு மட்டும் பொய்க்காரனாகவும், ஊருக்குச் சந்தேகமாகவும் இருந்திருப்பாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புல் விதையைக் கொத்துகிறது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பறக்கிறது, இரண்டு காலும் அந்தரத்தில், கயிறு இல்லை, நூல் இல்லை. பால் மரத்தில் யாரோ விட்டுப்போன, பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் தேங்கிய மழைத் தண்ணீரைக் குடிக்கிறது. யாரும் அதைக் கட்டிவைக்கவில்லை.

அப்போதுதான் நான் கை தட்டியது ஞாபகம் வந்தது. வளையத்தை நீ அங்கேயே பார்த்துவிட்டாயா? அக்கா இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று வாயை மூடிக்கொண்டாயா? எனக்காகவா அழித்தாய், சரவணா?

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே ஹமீது அண்ணன் கடைக்குப் போனேன். கல்லாவில் ஆளை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் முதலில் வளையத்தைத்தான் காட்டினேன்.

"என் தம்பி அழிச்சிருக்கான் அண்ணே. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பறக்கிற படத்தில் நின்றுவிட்டார். அவருடைய தே தாரேக் தேத்தண்ணீர் ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

"கட்டி வைக்கலையே தங்கச்சி," என்றார் கடைசியில். "எங்கயோ கூண்டுலேருந்து தப்பிச்சி வந்த பறவை. நாங்க கட்டி வச்சான்னுல்ல சொன்னோம். அவன் செஞ்சது ஒரு தப்பு, நாங்க சொன்னது வேறொரு தப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி குடிக்கிற படத்தை மாட்டலாம். வளையத்தோட மாட்டலாம். மொதல்ல அழிச்ச கதை எதுக்கு லா? செத்தவன், விட்டுருவோம்."

"விட முடியாது அண்ணே. அதையும் எழுதணும். பாதி உண்மையச் சொல்லித்தான் அவன் மாட்டிக்கிட்டான்."

"ஆளுங்க ஏதாச்சும் பேசுவாங்க தங்கச்சி."

"பேசட்டும். பக்கத்துல நான் நிக்கிறேன்."

படத்துக்குக் கீழே வைக்கிற அட்டையை நானே எழுதினேன். உனக்குப் படித்துக் காட்டுகிறேன்: 'கூண்டிலிருந்து தப்பிய கார்டினல், சிம்பாங் பூலாய். இதே பறவையின் வேறொரு படத்தை இவர் முன்பு குழுவில் பகிர்ந்தபோது கால் வளையத்தை அழித்திருந்தார். பறவையைக் கட்டிவைத்து எடுத்ததாகக் குழு சொன்னது தவறு. படம்: சரவணன். அவருடன் இருந்தவர், கண்ணாடி அணிய மறந்த அக்கா.'

ஹமீது அண்ணன் கடைசி வரியைப் படித்துவிட்டு, "இது வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன். நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் உனக்கு அழிக்கிற வேலையே வந்திருக்காது.

சனிக்கிழமை கண்காட்சி. சொன்னபடி அவரே ஆணி அடித்துவிட்டார், கொஞ்சம் கோணலாக. காலையிலிருந்து மூடுகிற வரைக்கும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். யார் என்ன கேட்டாலும் நானே பதில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நம் எஸ்டேட்டுக்குப் போவேன். அந்தப் பறவை இன்னும் இருக்கிறதோ இல்லையோ, பால் மரங்களை வெட்டுகிற வரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன். ஒருநாள் அது திரும்ப வந்தால், முதலில் அந்த வளையத்துக்குத்தான் ஃபோகஸ் வைப்பேன்.

அப்புறம் இன்னொன்று, தம்பி. வளையம் இருந்தாலும் அது நமக்குன்னு வந்த பறவைதான். நீ அன்றைக்கே சொல்லியிருந்தாலும் நான் கை தட்டியிருப்பேன்.

இப்போது கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே மாட்டியிருக்கும்,
உன் கூடப்பிறந்த அக்கா,
பார்வதி