பேத்தி கறுத்த கதை

ஆம்பூர்,
18.8.1997

அன்பு மகன் ஜெஸ்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஃபீபி, பாப்பா நாலு பேரும் கர்த்தர் கிருபையால் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன், அந்த நம்பிக்கை கொஞ்சம் கம்மிதான். பாப்பாவுக்கு லேசாகக் காமாலை, சரியாகிவிட்டது என்று போனில் சொன்னேனே, அதில் அந்த லேசாக மட்டும் பொய். பூத்தில் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், நிஜத்தைச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், நீ வேலையை விட்டு ஓடி வந்திருப்பாய். இப்போது ஆபத்து தாண்டிவிட்டது, உட்கார்ந்து படி.

பாப்பா பிறந்த மறுநாள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். உன் அப்பாதான் தோல் ஃபேக்டரியில் காலமெல்லாம் நிறம் சேருகிறதா என்று ஷேட் பார்த்தவராயிற்றே, பேத்தியையும் சாம்பிள் தோல் மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது நம்ம லாட்டே இல்ல கிருபை, தங்கக் கலரு, எக்ஸ்போர்ட்டு என்றார். உன்னைப் பெற்றபோது பார்க்க வந்தவர்கள் நிறத்தை விட்டுவிட்டு மூக்கு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போன வீடு இது. தெருவே வந்து பாப்பா நிறத்தை மெச்சியது, நானும் வெட்கமில்லாமல் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். ஃபீபி மட்டும், பாவம் தாயில்லாத பெண், தயங்கித் தயங்கி, எழுப்புனாலும் பால் குடிக்க மாட்டேங்குது அத்தை, கையத் தூக்குனா துவண்டு விழுது என்றாள். இமையை விலக்கிப் பார்த்தேன், கண் வெள்ளை எலுமிச்சம்பழமாய் இருந்தது. தங்கமாவது தகரமாவது!

உன் அப்பாவின் தோஸ்த் பக்கத்து வீட்டு அப்துல் சமத் பாய்தான் காரை எடுத்தார், வேலூருக்கு ஓடினோம். ஃபீபிக்கு ஓ குரூப்பாம், பாப்பாவுக்கு உன்னுடைய பி குரூப்பாம். தாய் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு வயிற்றுக்குள்ளேயே பிள்ளை ரத்தத்துக்குப் போய் அணுக்களை உடைத்திருக்கிறது, அதில் வரும் மஞ்சள் மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து, தப்பினாலும் காது போய்விடலாம் என்றார் டாக்டரம்மா. உனக்குப் பெண் பார்த்தபோது லூத்தரன் சபையா சி.எஸ்.ஐ. சபையா என்று ஆறு மாதம் மல்லுக்கட்டினோம், என்ன குரூப் என்று ஒரு வாய் கேட்டோமா? உன் பெரியத்தை வேறு ஆஸ்பத்திரிக்கே வந்து, அம்மா ரத்தமே ஆவலையாமே என்று ஆரம்பித்தாள், வாயை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுங்க என்று அடக்கினேன். இது யார் குற்றமும் இல்லை, ஓ குரூப் தாய்மார் அநேகருக்கு ஒன்றுமே ஆகாது என்று டாக்டரம்மாவே சொன்னார், இருந்தாலும் ஃபீபி ஒடுங்கிப்போய்விட்டாள்.

கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே போட்டும் மஞ்சள் இறங்கவில்லை, ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். உன் அப்பா சட்டையை மடித்துக் கையை நீட்டினார். அவருக்கும் பி, அந்த குரூப்பால்தானே வம்பே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் மடித்த சட்டைக் கையை இறக்காமலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சமத் பாய்க்கு ஓ. கொடுத்துவிட்டு வந்து, இன்னா தோஸ்த், பேத்தி இனிமே பிரியாணிதான் கேக்கும் பாரு என்றார், அப்போதும் இவர் சிரிக்கவில்லை. உள்ளே தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாய் ரத்தம் மாற்றிக்கொண்டிருந்த நேரம் எனக்கு வந்த ஜெபம் இதுதான். ஆண்டவரே, அன்னிக்கு சொன்ன ஸ்தோத்திரத்த வாபஸ் வாங்கிக்கிறேன், இந்தக் கலர நீரே வெச்சுக்கும், எங்க கறுப்பத் திருப்பிக் குடும். நம் சர்ச் ஐயரிடம் இதைச் சொல்லிவிடாதே.

ஆண்டவர் குடுத்துவிட்டார், மஞ்சள் இறங்கிப் பாப்பா நம் நிறத்துக்கே வந்துவிட்டாள். நேற்று குக்கர் விசில் அடித்ததும் பாப்பா திடுக்கிட்டு வீல் என்று கத்தினாள். காது கேக்குது, கேக்குது என்று உன் அப்பா அடுப்பை அணைக்கவே விடவில்லை, பருப்பு கூழாகிவிட்டது. காது டெஸ்ட்டுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், போவோம்.

இதோடு பாப்பா போட்டோ வைத்திருக்கிறேன். ஸ்டூடியோக்காரன் முதலில் டச்சப் செய்து வெளுப்பாய்க் கொடுத்தான். உன் அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எவன்டா எம்பேத்திய மாத்தினது, இருக்கிற கலர்ல போட்டுக் குடு என்று அங்கேயே சண்டை. ஃபீபிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறக்காதே. கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக. போட்டோவைப் பார்த்துவிட்டு, கறுப்பாய் இருக்கிறாளே என்று மட்டும் எழுதித் தொலைக்காதே. இந்தக் கறுப்பை நாங்கள் அழுது வாங்கியிருக்கிறோம்.

உன் அம்மா,
தேவகிருபை