கப்டனின் முன்னால் வைக்காத கையெழுத்து

4 மார்ச், புதன்
வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை, போனும் கையுமாக நின்றேன். அமெரிக்கத் தூதரகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், ஏப்ரலில்தானாம். கையெழுத்துக்குச் சான்று முத்திரை குத்தும் ஜெர்மன் நொட்டாரிடம் போனால் அதற்கு மேல் இன்னொரு முத்திரை, மொழிபெயர்ப்பு, மூன்று கிழமை. அமெரிக்காவில், ஒஹாயோவில் வழக்கு 20ஆம் தேதி. அதற்குள் பிள்ளையை நான் வளர்ப்பேன் என்ற என் சத்தியக் கடதாசி போய்ச் சேராவிட்டால், தம்பியின் பிள்ளையை முன்பின் தெரியாத குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். யதுசாவுக்கு ஐந்து வயது. தம்பியும் மச்சாளும் கார் விபத்தில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. யாரிடம் போய் அழுவேன்?

9 மார்ச், திங்கள்
யூட் அண்ணை அமெரிக்க ஆமி முகாம் சமையலறையில் என்னோடு வேலை செய்பவர். இன்றுதான் அவரிடம் வாய் திறந்தேன்.
“ஏன் பிள்ளை ஊரெல்லாம் அலையிறாய்? எங்கட காம்ப்பிலயே சட்டக் கந்தோர் இருக்கு. அங்க இருக்கிற கப்டனுக்கு நொட்டார் வேலை செய்யிற அதிகாரம் இருக்கு. ஆமிக்காரருக்கு மட்டுமில்லை, இஞ்ச வேலை செய்யிற எங்களுக்கும் செய்யலாம்.”
அந்தக் கப்டனுக்குத்தான் நான் தினமும் சூப் ஊற்றுகிறேன். வெள்ளி பதினொரு மணிக்கு டெர்மின்.

12 மார்ச்
மேல்வீட்டுச் செல்லம் அக்கா சொன்னா: “வெள்ளி பத்தரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்கு முதலே கையெழுத்தை வைச்சிடு. முத்திரை பிறகு விழட்டும்.” சரிதானே.

13 மார்ச், வெள்ளி
பத்து பத்துக்குச் சாமிப் படத்தின் முன்னால் கையெழுத்து வைத்தேன். மடைச்சி நான். மடைச்சி.
கப்டன் தாளைப் பார்த்தார். பேனையைக் கீழே வைத்தார். தன் கண் முன்னால் வைக்காத கையெழுத்துக்குத் தான் முத்திரை குத்த ஏலாதாம். வேறு தாள் உண்டா என்று கேட்டார். எங்கே இருக்கிறது? நீதிமன்றம் முத்திரையிட்டு அனுப்பிய ஒரே தாள் அது. அவரோ மத்தியானம் பயிற்சிக்குப் போகிறார், வர இரண்டு கிழமை.
ஏன் முன்கூட்டியே வைத்தீர்கள் என்றார். ராகு காலத்தை அந்த மனிசனுக்கு என்னெண்டு சொல்லுறது? “ஐயா, அது என்ர தம்பியின்ர பிள்ளை” என்று தமிழிலேயே சொல்லி அழுதுபோட்டன்.
எழும்பிப் போய் மேலதிகாரியிடம் கேட்டு வந்தார். பழைய கையெழுத்தை வெட்டு, வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய், புதிதாக வை என்றார். அப்போது பதினொன்று இருபத்தைந்து. ராகு காலத்தின் நடுவில். பொறுங்கோ, பன்னிரண்டுக்கு வாறன் என்று சொல்ல ஏலுமோ? வைத்தேன். என் கையெழுத்தின் கீழே அவர் தன் பெயரையும் பதவியையும் எழுதினார்.

14 மார்ச்
கூரியர் போய்விட்டது. வெட்டுக் கோட்டோடு ஒரு கடதாசி. எந்த நீதவான் ஏற்பார்?

17 மார்ச்
நித்திரை இல்லை. எத்தனை மணிக்குக் கையெழுத்து விழுந்தது என்று செல்லம் அக்காவிடம் சொல்லவில்லை.

21 மார்ச்
சட்டத்தரணி எழுதியிருக்கிறார். நீதவான் அந்த வெட்டைப் பற்றிக் கேட்டாராம், கப்டனுக்கு உள்ள அதிகாரம் பற்றியும் கேட்டாராம். தீர்ப்பு பிறகு. கடவுளே, பிள்ளையைத் தாங்கோ. வேற ஒண்டும் கேக்க மாட்டன்.

9 மே, சனி
வெட்டுக் கோட்டோடேயே நீதவான் ஏற்றுக்கொண்டார். நேற்று வந்து இறங்கியதிலிருந்து யதுசா சப்பாத்தைக் கழற்ற விடவில்லை. அதோடேயே படுத்தாள். மத்தியானம் பாண் தின்றுகொண்டிருந்தவள் கேட்டாள்: “மாமி, உங்களிட்டயும் கார் இருக்கோ?”
“இல்லையம்மா. நான் ரயிலிலதான் போறனான்.”
பாணைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு காலையும் என் மடியில் நீட்டினாள், கழற்றச் சொல்லி.